தோட்டப் பட்டணத்தில் ஒரு குற்ற நாவல்: விசுவாசம், குடும்பம், போதைப் பணம் பற்றி எழுத முழுமையான வழிகாட்டி

மலேசியத் தமிழில் குற்ற நாவல் எழுத ஆசைப்படும் பலர் முதலில் பிடித்துக்கொள்வது ஒரு குண்டர் தலைவனைத்தான். கழுத்தில் தடித்த சங்கிலி, கறுப்புக் கண்ணாடி ஒட்டிய கார், பின்னால் நாலு பேர். ஐம்பது பக்கம் போவதற்குள் கதை நின்றுவிடும். காரணம், அந்த ஆளுக்கு வீடு இல்லை. அவன் கொண்டுவந்த காசில் எந்த அம்மா அரிசி வாங்கினாள், எந்தத் தங்கச்சி காலேஜுக்குக் கட்டினாள் என்பது எழுதுகிறவருக்கே தெரியாது.

தோட்டப் பட்டணத்தில் போதைப் பணம் வேலை செய்வது குடும்பத்துக்குள்ளே. பொருள் எந்த வழியாக வந்தது என்று துருவுவதைவிட, பணம் எந்தெந்தக் கைக்கு மாறியது என்று தொடர்ந்து போனால் நாவல் தானாக வளரும். கீழே சொல்வது எல்லாம் இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

முதல் படி: ஊரைக் கட்டுங்கள்

ஊரின் பெயரைக் கற்பனையாக வையுங்கள். ஆனால் அதை உண்மையான ஊர்களுக்கு நடுவே நிறுத்துங்கள். தெற்குக் கெடா நல்ல இடம். சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண், பாடாங் செராய், கூலிம், லூனாஸ் என்று பழைய ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த பட்டணங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. வடக்கே புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை. தங்க முக்கோணப் பகுதியிலிருந்து தாய்லாந்து வழியாக இறங்கும் சியாபு என்ற போதைப்பொருளுக்கு இந்த நாடு சந்தையாகவும் இருக்கிறது, இடைவழியாகவும் இருக்கிறது. 1994-இல் முழுதாகத் திறந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது; பழைய பெருஞ்சாலையும் பட்டணத்தின் நடுவே போகிறது. லோரி ஓட்டுகிற ஓர் அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான மண் வேண்டாம்.

பிறகு ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், தோட்டக் கணக்கரான கிராணியின் வீடு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, புதுத் தாமான் (வீடமைப்புப் பகுதி), மாமாக் கடை, போலீஸ் நிலையம். யார் வீட்டு வாசலிலிருந்து யார் வீட்டு வாசல் தெரியும் என்று குறித்துவையுங்கள். லயத்தில் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் காசு எண்ணினால் கேட்கும். தாமான் வீட்டில் இரும்புக் கேட் உண்டு, பூட்டிக்கொள்ளலாம். லயத்தில் முடியாத ரகசியம் தாமானில் முடியும். கதையில் குடும்பம் லயத்தை விட்டு வெளியேறும் அத்தியாயம் வீடு மாறுவதை மட்டும் சொன்னால் போதாது. அக்கம்பக்கத்துக் காதுகளிலிருந்து அவர்கள் விடுபட்டதும் அன்றைக்குத்தான்.

தாத்தா காலத்தையும் கொஞ்சம் தொட வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை கட்டிப் பங்கு வாங்கினார்கள். தகரப் பெட்டியில் அந்தப் பங்குப் பத்திரத்தை மடித்து வைத்திருக்கும் ஒரு தாத்தா உங்கள் நாவலில் இருந்தால், மூன்றாம் தலைமுறை கொண்டுவரும் பணத்தை எதோடு ஒப்பிடுவது என்று வாசகருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய நிலையையும் சரியாகச் சொல்லுங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் விடியற்காலையில் ஃபேக்டரி வேனுக்கு நிற்கிறார்கள். 2019-இல் நடக்கும் கதையில் தமிழ்ப் பெண்கள் வாளி தூக்கிப் பால்மரம் சீவப் போகிற காட்சி வந்தால் ஊர்க்காரன் புத்தகத்தை மூடிவிடுவான்.

இரண்டாம் படி: ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

இதைப் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். இந்த நாவலுக்கு ஆண்டுதான் முதுகெலும்பு, ஏனென்றால் சட்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 39பி பிரிவு கடத்தலுக்கானது. 2018 மார்ச் 15-க்கு முன்னால் குற்றம் நிரூபணமானால் நீதிபதி கையில் ஒன்றுமில்லை, தூக்குதான். அன்று நடப்புக்கு வந்த திருத்தம், சில நிபந்தனைகள் பொருந்தினால் ஆயுள் சிறையும் 15-க்குக் குறையாத பிரம்படியும் கொடுக்கலாம் என்றது. 2023 ஜூலை 4-இல் கட்டாய மரண தண்டனையே எடுக்கப்பட்டது. இப்போது நீதிபதி தூக்குத் தண்டனையும் விதிக்கலாம், ஆயுள் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம்.

நடுவில் இருக்கும் அந்த ஐந்தாண்டுகளைக் கவனியுங்கள். உயிர் பிழைக்கச் சட்டம் வைத்த நிபந்தனைகளில் சில இவை: பிடிபட்ட நேரத்தில் வாங்கல் விற்றல் நடந்ததற்குச் சான்று இருக்கக் கூடாது; அவன் பங்கு பொருளைச் சுமந்தது, அனுப்பியது, சேர்த்தது என்ற அளவோடு நிற்க வேண்டும்; கடத்தலை முறியடிக்க அதிகாரிகளுக்கு அவன் உதவியிருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையை இரண்டு தடவை படியுங்கள். தம்பி பிடிபட்டிருக்கிறான். வாய் திறந்தால் கயிற்றிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. வாய் திறந்தால் மாட்டப்போவது அவனை வளர்த்த அண்ணன். உங்கள் நாவலின் மையக் கேள்வியைச் சட்டமே எழுதிக் கொடுத்துவிட்டது. நானாக இருந்தால் கதையை 2018 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் நடுவில் வைக்காமல் விடவே மாட்டேன்.

இன்னொரு வசதியும் அதே காலத்தில் கிடைக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சாலைத் தடுப்பு, மாநிலம் தாண்டத் தடை, திருவிழா கிடையாது. ஆனால் அத்தியாவசியப் பொருள் ஏற்றிய லோரிகள் ஓடின. எல்லோரும் வீட்டில் அடைந்து கிடக்க, ஓர் அண்ணன் மட்டும் அனுமதிக் கடிதத்தோடு இரவில் கிளம்புகிறான். இத்தனை நாள் எதையும் கேட்காத குடும்பம் நாள் முழுக்க ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய நிலை.

மூன்றாம் படி: குடும்பத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்

முதல் அத்தியாயம் எழுதுவதற்கு முன் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, அந்தக் குடும்பத்தின் வரவு செலவை மாதாமாதம் எழுதுங்கள். அப்பாவின் கடைசிச் சம்பளம். 55 வயதில் எடுத்த ஈ.பி.எஃப். சேமநிதிப் பணம் எங்கே போனது, எத்தனை மாதத்தில் தீர்ந்தது. வீட்டுத் தவணை, மோட்டார் தவணை, தங்கச்சிக்குக் கட்டணம், அடகுக் கடையில் இருக்கும் நகை. இந்த நோட்டில் எழுதுகிற வரிகளில் பாதி நாவலுக்குள் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பாத்திரமும் எந்த நாளில் எந்தத் தொகைக்கு உடைவார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போதைப் பணம் வீட்டுக்குள் நுழையும் வாசலை இந்த நோட்டில்தான் தேட வேண்டும். பேராசையால் நுழைந்தது என்று எழுதினால் கதை தட்டையாகிவிடும். மானத்தைக் காப்பாற்ற நுழைந்தது என்று எழுதிப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அம்மா கூட்டு நடத்துகிறார்; எல்லோரும் மாதாமாதம் பணம் போட, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு அது. பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு 500 வெள்ளி, மாதம் 6,000. 1971-ஆம் ஆண்டின் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்கிறது. ஆனாலும் தாமானில் பாதிப் பேர் பிள்ளைக்குச் சடங்கு செய்ததும் கூரை மாற்றியதும் கூட்டுப் பணத்தில்தான். முன்னாலேயே பணம் எடுத்துக்கொண்ட இரண்டு பேர் வீடு காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். சட்டத்துக்கு மாறான கூட்டு என்பதால் போலீஸுக்கும் போக முடியாது. அடுத்த முறைக்காரி வாசலில் நிற்கிறார். இந்த இடத்தில் மூத்த மகன் வருகிறான். காட்சியை இப்படி எழுதலாம்:

*குணா மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் பையில் மீன் வாடை இருந்தது. உள்ளே ஐம்பது வெள்ளி நோட்டாக ஆறாயிரம். அம்மா எண்ணவில்லை. முந்தானையால் மேசையைத் துடைத்துவிட்டு, பையை அரிசிப் பானைக்குள் இறக்கினார். “யாருடையதுன்னு நான் கேக்கலப்பா,” என்றார். “அடுத்த மாசமும் வேணும். வருமா, அத மட்டும் சொல்லு.”*

அம்மாவின் வாயிலிருந்து வரும் இந்த மூன்று வாக்கியத்தில் குற்றத்தில் அவரும் பங்காளி ஆகிவிட்டார். அவரைக் கெட்டவராகக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதற்கப்புறம் நானூறு பக்கத்துக்கு அவர் பிள்ளையைத் திட்டினாலும் வாசகர் அரிசிப் பானையை மறக்க மாட்டார்.

பணம் ஏறும்போது வீட்டில் என்ன மாறுகிறது என்பதைப் பொருள்களில் காட்டுங்கள்: முன்வாசலுக்கு டைல்ஸ், ஸ்டெயின்லெஸ் கேட், மைவி போய் வேறு கார், தங்கச்சியின் காதில் கல் வைத்த தோடு. இதே பொருள்கள் பின்னால் திரும்பி வரும். 1988-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சொத்துப் பறிமுதல் சட்டம் ஒன்று இருக்கிறது. கடத்தலால் வந்த சொத்தை அரசு எடுத்துக்கொள்ள முடியும். 2001-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் வேறு. 25,000 வெள்ளியும் அதற்கு மேலும் ரொக்கமாக வங்கிக்கு வந்தால் வங்கி அதை அறிக்கையாக அனுப்ப வேண்டும். தன் பெயரில் கணக்குத் திறந்து கார்டை அண்ணனிடம் கொடுத்த தங்கச்சி, ஒருநாள் எதற்கென்றே தெரியாமல் விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பாள்.

நான்காம் படி: விசுவாசத்தைக் கடனாக எழுதுங்கள்

நட்புக்காக உயிர் கொடுப்பான், தலைவனுக்காகக் கத்தி எடுப்பான் என்பதெல்லாம் சினிமாவில் வேகும். தோட்டத்து மனிதனின் விசுவாசம் செஞ்சோற்றுக் கடன். கர்ணனும் கும்பகர்ணனும் அவனுக்குக் கோயில் கதாகாலட்சேபத்திலேயே பழக்கம். தப்பு அண்ணன் பக்கம் என்று தெரிந்தும் கூட நின்ற தம்பி கும்பகர்ணன். தெரிந்து விலகிய தம்பி விபீஷணன். ஊர் யாரைக் கொண்டாடுகிறது, யார் பெயரைப் பிள்ளைக்கு வைக்கத் தயங்குகிறது என்று யோசியுங்கள். உங்கள் நாவலின் தம்பி இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறான்.

எனவே ஒவ்வொரு பாத்திரமும் யாருக்கு என்ன கடன் பட்டிருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தம்பி சரவணன் ஐந்தாம் படிவம் முடிக்கட்டும் என்று குணா மூன்றாம் படிவத்தோடு நின்று லோரியில் அட்டெண்டனாக ஏறினான். அப்பா விழுந்து கிடந்தபோது தாய்மாமன் தன் நிலத்தை அடகு வைத்தார். அந்தத் தாய்மாமனின் மகனை ஒருமுறை ஆ லோங் என்ற வட்டிக்காரனிடமிருந்து மீட்டது, குணாவுக்கு வேலை கொடுக்கும் அந்த ஆள். இப்படிக் கட்டினால் யாரும் யாரையும் மிரட்டத் தேவையில்லை. “செய்ய மாட்டேன்” என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது. குண்டர் கும்பலின் பலம் துப்பாக்கியில் இல்லை, அவர்களும் “தம்பி, சாப்டியாடா?” என்றுதான் கூப்பிடுகிறார்கள். உறவு முறையை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதை வாசகர் கூப்பிடும் முறையிலேயே உணர வேண்டும்.

கடனை ஊருக்கு முன்னால் காட்டும் காட்சி ஒன்று வேண்டும். திருவிழா உபயத்தை விட்டால் இதற்கு வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கோயில் கூட்டத்தில் மூன்றாம் நாள் உபயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒருவர் எழுந்து, “நம்ம குணா செய்யட்டுமே” என்கிறார். பொருளாளர் பழைய கிராணி. ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, கார்பன் தாளைச் சரிசெய்து, முழுப் பெயரை முத்து முத்தாக எழுதுகிறார். எழுதும்போது அவர் கை நிற்கிறதா, நிற்கவில்லையா? யார் தலை குனிந்தார்கள், யார் கைதட்டினார்கள்? குணாவின் அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார்? இந்தக் காட்சிக்கு ஆறேழு பக்கம் கொடுங்கள். ஊர் முழுவதும் அந்தப் பணத்தில் ஒரு பிடி சோறு தின்ற நாள் அது. பின்னால் அவன் மாட்டும்போது ஊர் பேசாமல் இருப்பதற்கான காரணமும் அங்கேதான் கிடக்கிறது.

ஐந்தாம் படி: பொருளைக் குறைவாகக் காட்டுங்கள்

எப்படிக் காய்ச்சுகிறார்கள், எங்கே ஒளிக்கிறார்கள் என்ற விவரங்கள் நாவலுக்கு வேண்டாம். அது செய்முறைப் புத்தகம் ஆகிவிடும். கதையில் எல்லோரும் “சாமான்” என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் அது என்ன செய்கிறது என்பதைத் தவிர்க்காதீர்கள். அதே தாமானில் மூன்று நாள் தூங்காமல் மோட்டாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பையன் இருக்க வேண்டும். அவன் அம்மா சரவணனின் வகுப்பு டீச்சராக இருந்தவர் என்றால், குடும்பத்தால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

ஆறாம் படி: கைதும் வழக்கும்

நம் நாவல்களில் மிக அதிகமாகப் பிசகும் இடம் இது. அமெரிக்கப் படங்களைப் பார்த்து ஜூரியை உட்கார வைத்துவிடுகிறார்கள். மலேசியாவில் 1995 ஜனவரி 1 முதல் ஜூரி கிடையாது. உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர்தான் தீர்ப்புச் சொல்வார்.

நடப்பு வரிசை இது. பிடிபட்டவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவ்வளவு கனமான குற்றத்துக்கு முதலில் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள் வரை தடுப்புக்காவல் கொடுக்கலாம். குற்றச்சாட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும், ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறானா என்று அங்கே பதிவு செய்ய மாட்டார்கள். இரசாயனத் துறை அறிக்கை வரும்வரை வழக்கு தள்ளித் தள்ளிப் போகும், பிறகு உயர்நீதிமன்றத்துக்கு மாறும். 39பி வழக்கில் ஜாமீன் கிடையாது. அம்மா ஒவ்வொரு தேதிக்கும் பஸ் பிடித்துப் போய், மகனைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சில நிமிடம் பார்த்துவிட்டு வருவார். அந்தத் தள்ளிப்போடும் மாதங்களைச் சட்டென்று தாண்டிவிடாதீர்கள். குடும்பம் உடைவது தீர்ப்பு நாளில் நடப்பதில்லை, இந்த மாதங்களில்தான் நடக்கிறது.

எடையும் தெரிந்திருக்க வேண்டும். ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம், சியாபு 50 கிராம்; இந்த அளவு வைத்திருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு. ஆனால் அவன் கையில் இருந்தது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது என்பதையும் ஓர் அனுமானத்தால் முடித்து, அதன்மேல் கடத்தல் என்ற இன்னோர் அனுமானத்தை ஏற்ற முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஆகவே வழக்கின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கும்: அந்த அறை யாருடையது? மூன்று அறை வீட்டில் ஆறு பேர். அலமாரியின் மேல்தட்டில் தங்கச்சியின் சுடிதார், கீழ்த்தட்டில் தாய்மாமனின் கைலி, நடுவில் சரவணனின் ஃபேக்டரிச் சட்டை. சாமான் பை இருந்தது அந்தச் சட்டைக்குப் பின்னால். யார் யாரெல்லாம் அந்த அலமாரியைத் திறப்பார்கள் என்று வழக்கறிஞர் அம்மாவைக் கூண்டில் நிறுத்திக் கேட்கிறார். எல்லோரும் திறப்பார்கள் என்றால் இளைய மகனுக்கு ஒரு வழி பிறக்கும், மூத்தவன்மேல் கண் திரும்பும். ஓர் அலமாரியைப் பற்றிய கேள்விக்கு ஒரு தாய் பதில் சொல்லும் அந்த அத்தியாயத்துக்காகவே இந்த நாவலை எழுதலாம். அதை அவசரப்படுத்தாமல், கேள்வி பதிலாகவே எழுதுங்கள். அவர் மனத்துக்குள் போகாதீர்கள்.

ஏழாம் படி: பேச்சு

கதை சொல்லும் நடை எப்படி இருந்தாலும், பேச்சு இந்த மண்ணின் பேச்சாக இருக்கட்டும். தம்பி “அண்ணே” என்பான், லோரி முதலாளி தவுக்கே, போலீஸ்காரரிடம் “துவான்” என்று குரல் இறங்கும். மலாய்ச் சொற்களை அள்ளிக் கொட்ட வேண்டாம். வாயில் தானாக வருகிற இடத்தில் மட்டும் விடுங்கள். “பாலாய்க்கு வரச் சொன்னாங்கலா” என்று போலீஸ் நிலையத்தைப் பற்றி ஒருவர் சொன்னால் ஊர் முழுக்க வந்துவிடுகிறது. சென்னைத் தமிழில் சண்டை போடும் சுங்கைப் பட்டாணிப் பையன் எந்த வாசகரையும் ஏமாற்ற முடியாது.

எட்டாம் படி: எழுதும் வரிசையும் சரிபார்ப்பும்

முதலில் மூன்று காட்சிகளை எழுதுங்கள்: அரிசிப் பானை, உபயம், கூண்டில் அம்மா. இவை மூன்றும் நின்றுவிட்டால் நடுவில் உள்ளதை நிரப்புவது உழைப்புதான். முடிவைப் பற்றி முன்கூட்டியே சத்தியம் செய்துகொள்ளாதீர்கள். தம்பி வாய் திறப்பானா என்பது உங்களுக்கே நடுவில்தான் தெரிய வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் போனாலும், அவன் முடிவுக்கு விலை கொடுப்பவர்களில் கூட்டுக் கட்டிய அந்தப் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியாவது இருக்கட்டும்.

குண்டர் குழுக்களுக்கு உண்மையான எண்களையோ பெயர்களையோ வைக்காதீர்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குழுக்களைச் சட்டவிரோதமானவை என்று பட்டியலிட்டது; அந்த எண்கள் இன்றும் சுவர்களில் இருக்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் அவற்றைப் பெருமையாகச் சொல்வதும் நடக்கிறது. உங்கள் நாவல் அதற்கு இன்னொரு சுவர் ஆக வேண்டாம். கோயில், பள்ளி, தோட்டம் ஆகியவற்றின் பெயர்களையும் மாற்றுங்கள்; யார் வீட்டுப் பிள்ளையின் வழக்கையாவது அப்படியே எடுத்து எழுதியிருந்தால் அந்தக் குடும்பம் தெருவில் நடக்க வேண்டும் என்பதை நினைத்துத் திருத்துங்கள்.

கைது முதல் தீர்ப்பு வரையுள்ள அத்தியாயங்களைக் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து, தேதி வரிசையை மட்டும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். தோட்டக் காட்சிகளைப் பெரட்டில் நின்ற ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மூன்றாவதாக, கூட்டு நடத்திய ஓர் அம்மாவிடம் அரிசிப் பானைக் காட்சியைப் படித்துக் காட்டி, தொகையும் தவணையும் சரிதானா என்று கேளுங்கள். அவர் திருத்தச் சொல்வதை அப்படியே திருத்துங்கள்.